அந்த டயரோடு கிளம்பாதே

ஐயா,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் ரெண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வாய். அதனால்தான் உங்கப்பாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் குக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் நீயும் நிவேதாவும் அந்தச் சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவதாக இருக்கிறீர்கள். நேற்று மாட்டிய டயரோடு நீ கிளம்பக்கூடாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கு. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படி.

கல்யாணத்துக்கு முன்பு நான் உங்கள் யோசனைக்கு எதிரிதான், ஒளிக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் நம் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மாடி பார்த்து வைத்திருந்தேன். "வீட்ல இருந்துதானம்மா ரெண்டு பேரும் வேலை பாக்கப்போறோம், அந்த வீடு எங்க நின்னா என்ன?" என்று கேட்டாய். ஒரு வருஷம் ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டுவீர்களாம். கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்தப் பெட்டியை, யாரோ ஆசைப்பட்டுச் செய்து ரெண்டு தடவை ஓட்டிவிட்டு வெயிலில் போட்டிருந்ததை, நீ வாங்கிக்கொண்டு வந்து அடையாறில் உன் சிநேகிதன் வீட்டுக் காலி மனையில் நிறுத்தினாய். முதல் நாள் பார்த்துவிட்டு அழுதேன். பிறகு நிவேதா என்னை உள்ளே கூப்பிட்டு, அந்தக் குட்டி ஜன்னலோரம் உட்கார வைத்து, அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தாள். அன்றோடு என் எதிர்ப்பு போயே போயிற்று. அதனால், போகவிடாமல் செய்ய அம்மா டயரைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாள் என்று நேற்று டயர்க்கடை வாசலில் நின்று சொன்னாயே, அது அபாண்டம். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்த வீட்டின் மேல் ஆசை வந்தபிறகு நாங்கள் செய்த கூத்து இருக்கிறதே, அது உன் முட்டாள்தனத்துக்குக் குறைந்ததில்லை. சக்கரத்தில் ஓடினாலும் புதுக்குடித்தனம்தானே, சீர் இறக்காமல் எப்படி? நங்கநல்லூரிலிருந்து மதினி, அதான் உன் மாமியார், பித்தளை அண்டா, குடம், வெண்கலப் பானை, ஜோடிக் குத்துவிளக்கு, அரிசி மூட்டை என்று வேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். "பொண்ணுக்கு வீடுன்னு ஒண்ணு வந்தப்புறம் சீரு அதுல எறங்காம வேற எங்க எறங்கும் மதினி?" என்று கேட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அவ்வளவு செய்யும்போது பாத்திரக்கடைக்காரி நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? எவர்சில்வர் செட் முழுதாக, இட்லிக் கொப்பரை, கல் போட்ட கிரைண்டர், விருந்தாளி வந்தால் ஆகும் என்று பெரிய குக்கர் வேறு. "எதுக்கும்மா இவ்ளோ?" என்றாய். "ஏய்யா, நீ சும்மா கெட" என்று வாயை அடைத்தேன். பாத்திரத்தைக் கிலோ கணக்கில் விற்கிறவள் நான். ஒரு தவலையைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவேன். அன்றைக்கு எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி உள்ளே கொடுத்தேனே தவிர, ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சீரை யார் எடை போட்டுக் கூட்டுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தது உனக்கும் மறந்திருக்காது. நீ காரை ஓட்டினாய், நிவேதா உன் பக்கத்தில், நான் பின் சீட்டில். அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டும் வரை பூப்போல வந்தது. கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் என் இடுப்பில் ஒரு ஆட்டம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், நம் பின்னால் வருகிற வீடு நாய் வாலை ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. காரையும் சேர்த்து இழுக்கிறது. "பிரேக் போடாத, பிரேக் போடாத, ஆக்சிலேட்டர்ல இருந்து மட்டும் காலை எடு" என்று நிவேதா சொன்ன குரலில் பதற்றமே இல்லை. ஆனால் அவள் கை சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. எதிரே ஒரு பஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் முருகா, என் முருகா என்று அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. வண்டி ஓரத்தில் நின்றதும் நான் இறங்கிப் போய் டயரைத் தொட்டேன். சூடான தோசைக்கல்லில் கை வைத்தது போலச் சுட்டது. தரையில் படுகிற இடத்தில் டயரின் பக்கவாட்டு பிதுங்கி வயிறு தள்ளியிருந்தது. வெயிலில் கிடந்து கிடந்து, சுற்றிலும் பொடிப் பொடியாக வெடிப்பு. அதில் குத்தியிருந்த தயாரித்த வருஷத்தைப் பார்த்துவிட்டு நிவேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நீ மட்டும், "பழைய டயர், அவ்ளோதான். புதுசு போட்டா சரியாயிடும்" என்றாய்.

புதுசு போட்டால் சரியாகிவிடும் என்று நானும்தான் நம்பினேன். திரும்பி வருகிற வழியில் லாரிகளை நிறுத்துகிற எடை மேடையைக் காட்டி, அங்கே விடச் சொன்னவள் நிவேதா. காரை மேடைக்கு வெளியே நிறுத்தி, வீட்டின் ரெண்டு சக்கரமும் மட்டும் மேடை மேல் இருக்கும்படி செய்தாள். ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ. உனக்கு முகம் வெளுத்தது, எனக்கும்தான். டயரில் அளவுக்குப் பக்கத்தில் 91 என்று போட்டிருக்கிறதே, அது வெறும் நம்பர் இல்லை, அந்த ஒரு டயர் அறுநூற்றுப் பதினைந்து கிலோ வரைக்கும்தான் தாங்கும் என்று அர்த்தமாம். ரெண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று முப்பது. இருநூற்றைம்பது கிலோ கூடுதல். "அதுவும் சமையல் பக்கம்தான் அத்தை வெயிட் ஜாஸ்தி. அந்தப் பக்க டயரு இன்னும் பாவம்" என்றாள். சமையல் பக்கத்தில் இருந்தது முக்கால்வாசி என் சரக்கு. மதினியின் அண்டாவோ கடைசியில், சக்கரத்துக்கு ரொம்பப் பின்னால் இருந்தது. அப்படிப் பின்பக்கம் கனத்தால்தான் வால் ஆடுமாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நேற்று ராயப்பேட்டைக்குப் போனோம். நிவேதாவுக்கு ஆபீஸ் மீட்டிங், அவள் வரவில்லை. டயர்க்கடை பாய் முதலில் கேட்டதே அதுதான். "இன்னா சார், லோடு எவ்ளோ கீது?" நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஆயிரம் இருக்கும் பாய்" என்றாய். "ஆயிரம்னா இந்தக் கார் டயரே போதும் சார், ஸ்டாக்ல கீது. அதுக்கு மேலன்னா சொல்லிடு, லோடு வண்டிக்குப் போடற டயரு ஆர்டர் பண்ணித் தரேன். திங்கக்கிழம வந்துடும்." நீ உடனே, "இல்ல பாய், வெள்ளிக்கிழமை கிளம்புறோம், இதையே மாட்டிடுங்க" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்யா, ஆயிரத்து நானூத்தி எம்பதுல்லா! எங்கூடதானய்யா பாத்த!" என்று கத்தினேன். பாய் கையில் ஸ்பேனரோடு உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ எல்லாத்தையும் தராசுல வச்சுத்தாம்மா பாப்ப. எங்களப் போகவிடக்கூடாது, அதானே உனக்கு?" என்று நீ சொன்னாய். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாட்டி முடித்ததும் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வீட்டை அடையாறில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நங்கநல்லூருக்குப் போய்விட்டாய். அதற்குப்பிறகு பேச்சில்லை.

புத்தம்புது டயர், கறுகறுவென்று மின்னுகிறது. நம்பர் மட்டும் அதே 91. புதுச்சட்டை போட்டால் இளைத்துவிடுவோமா ஐயா?

நீ ஏன் பொய் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தைத் தள்ளினால் மாமனார் வீட்டில் முகம் சுளிப்பார்கள். எடையைக் குறைக்கலாம் என்றாலோ, மாமியார் வைத்த சீரை இறக்கு என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையாகி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் எப்படிச் சொல்வது என்று பயம். நீ பயப்படுவது மாமியாருக்கு. அந்த பஸ்ஸுக்குப் பயப்படவேண்டியவன், மாமியாருக்குப் பயப்படுகிறாய்.

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் உங்கப்பா மொபெட்டின் டயர் வெடித்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். கல்யாண ரிசப்ஷனில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். தீபாவளி நேரம், கடைக்கு வண்டி கிடைக்கவில்லை என்று முன்னாலும் பின்னாலும் எவர்சில்வர் குடமாகக் கட்டிக்கொண்டு வந்தோம். பின் டயர் வெடித்தது. குடமெல்லாம் பாலத்திலிருந்து டணார் டணார் என்று உருண்டு இறங்கிப் போக, உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஜனமெல்லாம் சிரித்தது, நாங்களும் வீட்டுக்கு வந்து சிரித்தோம், உனக்கும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக் கொடுத்தோம். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கீழே விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த லாரி என் புடவைத் தலைப்பின் மேல் வந்து நின்றது. தலைப்பை இழுத்தேன், வரவில்லை, டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஆறு மாதம். உள்ளே இருந்தது நீ. இதை நிவேதாவிடம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தால் சொல்.

என்னென்ன டயர் என்று நான் இப்போது கரைத்துக் குடித்துவிட்டேன், கேட்டுக்கொள். நேற்று சாயங்காலம் நானே பாய்க்குப் போன் போட்டு, உண்மையான எடையைச் சொன்னேன். "இன்னாமா இது, சார் ஆயிரம்னாரே! அந்த டயரோட ஹைவேஸ்ல போவக்கூடாதுமா, ரப்பர் சூடாயிடுச்சுனா பட்டுனு பூடும்" என்று பதறிவிட்டார். லோடு வண்டி டயருக்கு நானே சொல்லிவிட்டேன். அளவு கார் டயர் மாதிரியே இருக்கும், ஆனால் அளவின் கடைசியில் C என்ற எழுத்தும் 106 என்ற நம்பரும் போட்டிருக்கும். ஒன்று தொள்ளாயிரத்து ஐம்பது கிலோ தாங்கும். உள்ளே அடுக்கு அதிகம், பக்கவாட்டு விறைப்பாக நிற்கும், வயிறு தள்ளாது. சரியாகத் தாங்குகிற அளவுக்கு வாங்காதே, எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்து வாங்கு. நீங்கள் போகிற ஊரில் எல்லாம் ஏதாவது வாங்கி ஏற்றத்தான் போகிறீர்கள். எனக்கு உன்னைத் தெரியாதா? ஸ்டெப்னியும் அதே டயராக இருக்கட்டும். அந்த டயருக்குக் காற்று அதிகம் அடிக்க வேண்டும், அதைப் பழைய ரிம் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டக்கூடாதாம். இதை எனக்குச் சொன்னது பாய் இல்லை, உன் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமையே எனக்கு மெசேஜ் போட்டிருந்தாள், டயரைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் அது தாங்குகிற எடை குத்தியிருக்கும், பார்த்துவிடுங்கள் அத்தை என்று. நேற்று நீ என்னைப் பார்க்கவிட்டால்தானே! காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார். வெயிலில் நாள்கணக்காக நிறுத்தினால் டயரை மூடி வை. ரப்பர் தேயாமல் இருந்தாலும் வயதாகிவிட்டால் மாற்றிவிடு. தேய்மானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

இனி மதினி விஷயம். நேற்று ராத்திரி நான் அவர்களுக்குப் போன் செய்தேன். நீ பொய் சொன்னதைச் சொல்லவில்லை. வண்டி எடை தாங்கவில்லை, பாத்திரத்தை இறக்கியாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "என்ன மதினி, நாங்க வச்ச சீரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றீங்களா? எங்க சொந்தக்காரங்க முன்னாடி எறக்கி வச்சது மதினி" என்றார்கள். "நான் வச்சதை முதல்ல எறக்குதேன் மதினி. கிரைண்டரு, குக்கரு, செட்டு, கொப்பரை, ஒண்ணு விடாம எறக்குதேன். அதுக்கப்புறம் நீங்க யோசிங்க" என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், சம்பந்தம் கசந்தது, உன் வாழ்க்கையில் முதல் விரிசலை நானே போட்டுவிட்டேன் என்று விடிய விடியப் புரண்டேன். காலையில் உங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் போய் என் சரக்கையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய், அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிங்க மதினி" என்றார்கள். ரெண்டு பேருமாகத் தூக்கி இறக்கினோம். "குத்துவிளக்கை மட்டும் விட்ருங்க" என்று கேட்டபோதுதான் அழுதார்கள். விளக்கு இருக்கட்டும் என்றேன். அதை முன்பக்கம், சக்கரத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன், நகர்த்தாதே.

ஆக, உன் மாமியார் பயம் தீர்ந்தது. நேரத்துக்கும் வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் பரஸ்தானம் வைப்பார்கள். கையோடு கொண்டுபோகிற ஒரு பையை அந்த நேரத்தில் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. மதினிதான் ஞாபகப்படுத்தினார்கள், அவர்களுக்கும் சம்மதம். வெள்ளிக்கிழமை காலை உங்கள் துணிப்பை ஒன்றை உன் சிநேகிதன் வீட்டு ஹாலில் வைப்போம். திங்கள்கிழமை டயர் வரும். ரிம்மைப் பார்த்து, மாட்டி, மறுபடி எடை மேடைக்குப் போய், மறுபடி கடற்கரைச் சாலையில் ஓட்டி, ஆடவில்லை என்று தெரிந்தபிறகு கிளம்புங்கள். பாத்திரம்தான் இறங்கிவிட்டதே, இந்தப் புது டயரே போதாதா என்று நீ ஆரம்பிப்பாய். போதாது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, உங்கள் துணிமணி, கம்ப்யூட்டர் எல்லாம் ஏறினால் மறுபடி விளிம்புக்கே வந்து நிற்கும். விளிம்பில் வைத்துக்கொண்டு என் பிள்ளைகளை நான் அனுப்பமாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பாயிடம் நீ சொன்ன பொய் நிவேதாவுக்குத் தெரியாது. எடை தெரிந்துதான் டயர் வாங்கினாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நம்பி அந்த முன் சீட்டில் உன் பக்கத்தில் உட்காரப்போகிறாள். நாளை சாயங்காலத்துக்குள் அவளிடம் நீயே சொல்லிவிடு. திட்டுவாள், திட்டட்டும். ரெண்டு நாள் பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலை வந்து அந்த இழுவைக் கொக்கியின் மேல் உட்காருவேன். என் எடை உனக்குத் தெரியும், இழுத்துப் பார்.

உங்கப்பா இதை எடுத்துக்கொண்டு நங்கநல்லூர் வருவார். அவர் கையில் கொடுக்குமுன் கடைசியாக ஒரு வேண்டுகோள், இது சண்டை இல்லை. நல்ல டயர் போட்டாலும் ரோடு ரோடுதான். எங்கேயாவது, ஊர் பேர் தெரியாத ஒரு இடத்தில் அந்த வீடு மறுபடி ஆடினால், டயர் சுட்டால், மனசில் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தால்கூட, அம்மா கொடுத்தது, அத்தை கொடுத்தது, ஆசையாய் வாங்கியது என்று பார்க்காதே. ஓரமாக நிறுத்து, கொக்கியைக் கழற்று, விளக்கோடு சேர்த்து மொத்த வீட்டையும் ரோட்டிலேயே விட்டுவிடு. நிவேதாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடு. எங்கே விட்டாய் என்று கேட்கமாட்டேன். கதவைத் திறந்ததும் உங்கள் ரெண்டு பேரையும்தான் பார்ப்பேன்.

அம்மா